ஷாம்பு வாங்காதவங்கதான் மார்க்கெட்: கடலூர் பாக்கெட்டின் கதை

எந்த ஸ்டார்ட்அப்போட பிட்ச் டெக்கை எடுத்தாலும் ‘டார்கெட் கஸ்டமர்’னு ஒரு ஸ்லைடு இருக்கும். வயசு 22 முதல் 35, பெரிய நகரம், மாசச் சம்பளம் இவ்வளவு. பெரும்பாலும் இது ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிட்டு இருக்கறவங்களோட ஜாதகம். வாங்காதவங்க ஏன் வாங்கலைங்கற கேள்வி அதுல இருக்காது. அந்தக் கேள்வியில இருந்து பிறந்த ஒரு தொழிலோட வரலாறுதான் இந்த எபிசோட். ஊர் கடலூர், பொருள் பாக்கெட் ஷாம்பு.

1970கள்ல ஷாம்புன்னா பாட்டில். வசதியான வீட்டுக் குளியலறையில இருக்கற பொருள். மத்தவங்களுக்குத் தலைக்குச் சீயக்காய், அவசரத்துக்குக் குளிக்கற சோப்பு. அன்னிக்கு ஷாம்பு வாங்கினவங்களைப் பிடிச்சு ஒரு சர்வே எடுத்திருந்தா என்ன வந்திருக்கும்? எந்த வாசனை பிடிக்கும், பாட்டில் எந்த வடிவத்துல இருக்கணும்... இவ்வளவுதான். கடைக்குள்ளேயே வராத ஆளோட பதில் அதுல எப்படி வரும்?

கடலூர்ல சின்ன அளவுல மருந்துத் தொழில் நடத்திட்டு இருந்த சின்னி கிருஷ்ணன் அந்த ஆளைத்தான் யோசிச்சார். பணக்காரங்க பயன்படுத்தற பொருளைக் கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷா ஓட்டறவரும் வாங்க முடியணும்கறது அவரோட எண்ணம். டால்கம் பவுடர், எப்சம் உப்பு மாதிரி பொருட்களைச் சின்னச் சின்னப் பொட்டலமா போட்டுப் பார்த்தார். திரவத்தையும் இப்படி விக்கலாம்னு நம்பினார். அது பெரிய அளவுல நடக்கறதுக்கு முன்னாடியே அவர் இறந்துட்டார். அவரோட பிள்ளைகள்தான் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்ல கொண்டு வந்தாங்க.

இந்த யோசனை ஏன் எடுபட்டதுன்னு கொஞ்சம் நிதானமா பார்க்கணும். மாசச் சம்பளக்காரருக்குப் பாட்டில் ஒரு செலவு. தினக்கூலி வாங்கறவருக்கு அது பல நாள் காசை ஒரே இடத்துல முடக்கறது. ஷாம்பு பிடிக்காம இல்ல, அது விக்கற அளவு அவரோட வருமானத்தோட அளவுக்கு ஒத்து வரல. வருமானம் நாள் கணக்குல வருதுன்னா, பொருளும் ஒரு குளியல் கணக்குல வரணும். பெட்டிக்கடைக்காரருக்கும் இதே கணக்குதான். பாட்டிலை அடுக்கி வைக்க அலமாரியும் முதலும் வேணும். பாக்கெட்டைச் சரமா வாசல்லயே தொங்கவிட்டாப் போதும்.

அந்தக் குடும்பத்துல இருந்து சி.கே. ரங்கநாதன் தனியா வெளியே வந்தார். 1983ல 15,000 ரூபாய் முதலோட சிக் ஷாம்புவை ஆரம்பிச்சார். பேரே அப்பா பேரோட எழுத்துக்கள்ல இருந்து வந்ததுதான். அவருக்கு உண்மையான போட்டி இன்னொரு ஷாம்புன்னு சொல்றதை விட, சோப்பும் சீயக்காயும்னு சொல்லலாம். அதனால அவரோட ஆட்கள் கிராமம் கிராமமா போனாங்க. ஒரு பையனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் தலைக்குக் குளிக்க வெச்சாங்க. கூட்டத்துல இருக்கறவங்களையே முடியைத் தொட்டு, முகர்ந்து பார்க்கச் சொன்னாங்க. ரஜினி படம் போட்டு, நடுவுல விளம்பரம் காட்டி, பாக்கெட்டை இலவசமா கொடுத்தாங்க.

இன்னொரு திட்டம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எந்த ஷாம்புவா இருந்தாலும் சரி, 5 காலி பாக்கெட் கொண்டு வந்தா ஒரு சிக் இலவசம். கொஞ்ச நாள் கழிச்சு, சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான்னு மாத்தினாங்க. ஒரு என்ஜினியரா பார்க்கும்போது இது எனக்கு டேட்டா கலெக்‌ஷன் மாதிரியே தெரியுது. யார் எதை வாங்கினாங்கன்னு வாய்ல கேட்டா எதையாவது சொல்லலாம், காலி பாக்கெட் பொய் சொல்லாது.

1999ல சிக் 50 பைசாவுக்கு வந்தது. சட்டைப்பையில கிடக்கற ஒரு நாணயம்தான் விலை. இந்தியாவோட முன்னணி ஷாம்பு பிராண்டுகள்ல ஒண்ணா சிக் வளர்ந்துச்சு. கேவின்கேர்னு இன்னிக்கு நமக்குத் தெரியற கம்பெனி அதுதான். பெரிய கம்பெனிகளும் பாக்கெட்டுக்கு வந்தாங்க. இன்னிக்குக் கடைக்குப் போய், பாட்டிலோட விலையையும் பாக்கெட்டோட விலையையும் மில்லியால வகுத்துப் பாருங்க. பல பிராண்டுகள்ல பாக்கெட்தான் மலிவு. மொத்தமா வாங்கினா லாபம்கற வழக்கமான கணக்கு இங்க தலைகீழ்.

ஆனா இந்தக் கதையில விட்டுப்போன ஒரு ஆளும் இருக்கார். அந்தப் பாக்கெட் பல அடுக்குப் பிளாஸ்டிக். அடுக்குகளைப் பிரிக்கறது கஷ்டம், எடையும் இல்ல. பாட்டிலைப் பொறுக்கினா காசு கிடைக்கும், இதைப் பொறுக்கினா கிடைக்காது. அதனால அது வாய்க்கால்லயும் குளத்துலயும் போய்ச் சேருது. வாங்க முடியாதவரைக் கவனமா கணக்குல சேர்த்த ஒரு தொழில், அதை அள்ளறவரைக் கணக்குல சேர்க்கல. இன்னிக்கு அந்த அடைப்பை எடுக்கற தூய்மைப் பணியாளரும் அதே தினக்கூலி உலகத்துல இருந்து வர்றவர்தான்.

நம்மள்ல நிறைய பேர் ஆப் எழுதறோம். நம்ம டாஷ்போர்டுல தெரியறது ஆப்பை இன்ஸ்டால் பண்ணினவங்க மட்டும்தான். அடுத்த தடவை கஸ்டமர் ரிசர்ச்னு உட்காரும்போது இன்ஸ்டால் பண்ணாத 5 பேர்கிட்ட போய்ப் பேசுங்க. எது தடுக்குது, விலையா, அளவா, மொழியா, நம்பிக்கையான்னு கேளுங்க. அதோட, நாம விக்கறதோட காலி பாக்கெட்டை யார் அள்ளப் போறாங்கன்னும் ஒரு வரி எழுதி வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.