மணலிற் கேட்ட வழக்கு

முள்ளிவாய்க்காற் கடற்கரையிலே உதைபந்தாடி ஓய்ந்த இளைஞர் சிலர், சென்னையின் எப்.சி. கழகத்தின் பழைய வீரர்களைக் குறித்து வழக்காடக் கேட்டேன். 2014 இல் ஆட்டக்காரரும் பயிற்றுவிப்பாளருமாக விளங்கிய இத்தாலியர் மாத்தராசியின் அணியிலே, பிரேசிலியர் எலானோ 8 கோல்களுடன் தொடரின் முதல்வரானார். அவரே பெரியவர் என்றனர் சிலர். ஏனையோர் கொலம்பியர் மெண்டோசாவைப் போற்றினர். 2015 டிசம்பர் 20 அன்று, தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்ட கழகம், இறுதிக் கணத்தில் அவர் அடித்த கோலினாலன்றோ கோவாவை 3–2 என வென்றது! அவ்வாண்டு அவருக்கு 13 கோல்கள்.

என் நெஞ்சம் நாடியவர் வேறொருவர். 2018 இல் ஜோன் கிரகரியின் கீழ் மீண்டும் கிண்ணம் வென்ற அணியிலிருந்த தனபால் கணேஷ், சென்னை வியாசர்பாடியின் மைந்தர். அதைச் சொன்னேன். 2009 இன் போரைக் குழந்தையாய்க் கண்ட ஒருவன், வீரரைத் தேடுவோர் நம் கரைவரை வருவாரா என வினவினான். பந்தை எடுத்து அவன் கையிற் கொடுத்தேன்.