அறைகளும் வாயில்களும்: மெய்நிகர்ப் பொறிகளைப் பிரித்தமைக்கும் மரபின் வரலாறு

1

கணனியின் வரலாற்றை எழுதுவோர் அதன் வேகத்தையும் கொள்ளளவையும் முதன்மைப்படுத்தி எழுதுவதே பெருவழக்காகும். ஒரே கணனியில் நிகழும் பல பணிகள் ஒன்றையொன்று பாதியாவண்ணம் எவ்வாறு பிரித்துவைக்கப்பட்டன என்பதும் அவ்வரலாற்றின் முக்கியமானதொரு கூறேயாகும். இன்று ஒருவரது மேசைமீதுள்ள கணனியில் வங்கிக் கணக்கு, அலுவலகக் கடிதம், குடும்பப் படங்கள், முன்பின் அறியாத ஒருவர் அனுப்பிய கோப்பு ஆகிய யாவும் அருகருகே இடம்பெறுகின்றன. வழமையான பணிசெயல் முறைமையில், இறுதியிற் குறிப்பிட்ட கோப்புத் தீங்கு பயப்பதாயின் ஏனையவற்றையும் அது எட்டிவிடக்கூடும்.

இவ்வபாயத்துக்கு மாற்றாக, ஒரு கணனியைப் பல மெய்நிகர்ப் பொறிகளாகப் பிரித்துப் பயன்படுத்தும் முறை வளர்ந்துள்ளது. மெய்நிகர்ப் பொறி என்பது மென்பொருளால் ஆக்கப்பட்டதாயினும், தன்னுள் இயங்கும் நிரலுக்குத் தனிக் கணனி போன்றே தோன்றும் அமைப்பாகும். இம்முறையைத் தனியாளின் பாதுகாப்புக்கெனப் பயன்படுத்தும் பணிசெயல் முறைமைகளுள் கியூப்ஸ் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அதன் அமைப்பு மரபுகள் எங்கிருந்து தோன்றின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிரிக்கும் ஆற்றல் ஏறத்தாழ அறுபதாண்டுப் பழைமையுடையது. எங்கே பிரிப்பது, எவ்வழியே இணைப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே காலத்துக்குக் காலம் மாறிவந்துள்ளது. அம்மாற்றத்தை விளங்கிக்கொண்டாலன்றி இம்மரபுகளின் பொருளை உணர்தல் அரிது.

2

கணனி மிக அரியதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலத்திலேயே பிரித்துவைத்தலின் தேவை எழுந்தது. ஒருவர் சிந்தித்துக்கொண்டிருக்கும் வேளையில் இயந்திரம் வாளாவிருப்பது வீண்செலவு எனக் கருதப்பட்டது. மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் உருவாகி, 1961ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செய்துகாட்டப்பட்ட சி.ரி.எஸ்.எஸ். என்னும் நேரப்பகிர்வு முறைமை, பலர் ஒரே கணனியை ஒரே வேளையிற் பயன்படுத்த வழிசெய்தது.

அம்முறைமையில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை, 1990ஆம் ஆண்டுக்கான ட்யூரிங் விருதையொட்டி ஆற்றிய உரையில் கோர்பட்டோ எடுத்துரைத்துள்ளார். ஒருநாள் பிற்பகல், முறைமையினுள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் வழமையான அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாகப் பயனாளர் அனைவரதும் கடவுச்சொற்கள் அச்சாகி வந்தன. ஒரு கோப்பகத்தில் ஒரு வேளையில் ஒருவரே பணிபுரிவார் என்னும் எடுகோளின் அடிப்படையில், பதிப்பித்தலுக்கான நிரல் தனது தற்காலிகக் கோப்புக்கு மாறாத ஒரே பெயரை இட்டுவந்தது. முறைமையைப் பராமரித்தோர் தமது வசதிக்காக ஒரே கோப்பகத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தனர். இருவர் ஒரே வேளையில் இரு கோப்புக்களைத் திருத்த, ஒன்று மற்றதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இங்கு எவரும் சுவரை உடைக்கவில்லை. பொதுவிடமொன்றில் இரு பணிகள் சந்தித்தமையே கேட்டுக்குக் காரணமாயிற்று. பின்வந்த வரலாறு முழுவதற்கும் இஃதொரு முன்னறிவிப்பு எனலாம்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் நிலையத்தில் றொபேட் கிறீசி, லெஸ் கோமோ ஆகியோர் 1964ஆம் ஆண்டின் இறுதியில் வேறொரு வழியை மேற்கொண்டனர். பயனாளர் ஒவ்வொருவருக்கும் முழுக் கணனியொன்றின் தோற்றத்தையே வழங்குவது அவர்களது திட்டமாகும். 1967ஆம் ஆண்டு சனவரியிற் பயன்பாட்டுக்கு வந்த சி.பி.-40, சிறப்பாக மாற்றியமைக்கப்பட்ட ஒரே இயந்திரத்தில் 14 மெய்நிகர்ப் பொறிகளை இயக்கியது. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைற் நினைவகம் இருப்பதாகத் தோற்றுவிக்கப்பட்டது. இதன் வழித்தோன்றலான வி.எம்./370ஐ ஐ.பி.எம். 1972ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அறிவித்தது. 1974இல் ஜெரல்ட் பொப்பெக், றொபேட் கோல்ட்பேர்க் ஆகிய இருவரும் ஒரு கணனி மெய்நிகராக்கத்துக்கு இடங்கொடுக்க வேண்டுமாயின் அதன் வன்பொருள் எவ்வியல்புகளைக் கொண்டிருத்தல் வேண்டும் என்பதை முறைப்படி வரையறுத்தனர்.

இக்காலகட்டத்திற் சுவர்களை எழுப்பியவர் கணனி நிலையத்தின் நிருவாகியே. பயனாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை என்பதே பிரிப்பின் அளவுகோலாக இருந்தது. ஒரே மனிதரின் பணிகளைத் தம்முட் பிரிக்கவேண்டும் என்ற எண்ணத்துக்கு அன்று தேவையேதும் இருக்கவில்லை.

3

1970களில் இச்சுவர்களைப் பாதுகாப்பின் கண்கொண்டு நோக்கும் போக்குத் தோன்றியது. 1973இல் ஸ்ருவேட் மட்னிக், ஜோன் டொனவன் ஆகியோர், பணிசெயல் முறைமையும் அதன் கீழுள்ள மெய்நிகர்ப் பொறிக் கண்காணிப்பு நிரலும் இருவேறு அரண்களாக அமைவதால், ஒன்று வீழினும் மற்றது நிற்கும் என வாதிட்டனர். அதே ஆண்டில் பட்லர் லாம்ப்சன் இதற்கு மறுதலையான ஐயத்தை எழுப்பினார். அடைத்துவைக்கப்பட்ட நிரலொன்று கணனியின் பணிச்சுமையைக் கூட்டியும் குறைத்தும் வெளியிலுள்ள கூட்டாளிக்குச் செய்தி உணர்த்தக்கூடும் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். சுவர் முழுமையாக இருந்தும் ஓசை ஊடுருவுவதை இதற்கு ஒப்பாகக் கூறலாம்.

1976ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு நமது பொருளுக்கு மிக நெருக்கமானது. வி.எம்./370ஐத் திட்டமிட்டு ஊடறுக்க முயன்ற ஐ.பி.எம். ஆய்வாளர்கள், தாம் செய்துகாட்டிய குறைபாடுகளுள் ஏறத்தாழ அனைத்தும் ஏதோவொரு வகையில் உள்ளீடு வெளியீட்டுடன் தொடர்புற்றிருந்தன எனக் கண்டனர். வட்டு, அச்சுப்பொறி முதலிய புறக்கருவிகள் தொடர்புகொள்ளும் இடங்களே நலிந்திருந்தன. சுவரைவிட வாயிலே காவலுக்கு அரியது என்பது இதனாற் புலப்பட்டது.

1981இல் ஜோன் றஷ்பி இக்கருத்துக்குக் கோட்பாட்டு வடிவம் அளித்தார். தனித்தனி அறைகளில் தனித்தனிக் கணனிகளை வைத்து, குறிப்பிட்ட கம்பிகளால் மட்டும் அவற்றை இணைத்தால் எத்தகைய பிரிவு கிடைக்குமோ, அதே பிரிவை ஓர் இயந்திரத்தினுள் உருவாக்கும் சிறியதொரு கருநிரல் போதுமானது என்பது அவர் கூற்றின் சாரம். எவ்வறைக்கும் எவ்வறைக்கும் இடையே கம்பி இருக்கவேண்டும் என்பதைத் தெளிவாக எழுதிவைத்தலே வடிவமைப்பின் முதற்பணியாயிற்று.

இவ்வாய்வுகளின் பெரும் புரவலராக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை விளங்கியது. ஆதலின் பிரிப்பின் அளவுகோலும் அத்துறையினுடையதாகவே அமைந்தது. இரகசியம், அதியிரகசியம் என்றவாறான படிநிலைகள் அரசாங்கத்தால் வகுக்கப்பட்டன. பயனாளர் அவற்றுக்குப் பணிந்தார். டிஜிற்றல் ஈக்குவிப்மென்ற் நிறுவனம் தனது வக்ஸ் கணனிகளுக்கென 1980களில் உருவாக்கிய உயர்தரப் பாதுகாப்பு மெய்நிகர்ப் பொறி முறைமை, விற்பனைக்கு வருமுன்னரே 1990இற் கைவிடப்பட்டது. படைத்துறையின் தேவைக்கென வார்க்கப்பட்ட முறைமைக்குச் சந்தையிற் போதிய இடம் கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகம் நெற்றொப் என்னும் திட்டத்தின் மூலம், வெவ்வேறு படிநிலை வலையமைப்புக்களை ஒரே மேசைக் கணனியில் வெவ்வேறு மெய்நிகர்ப் பொறிகளாகக் கொணர முயன்றது. அப்போதும் எல்லைகளை வகுத்தது நிறுவனமே.

4

இதற்கிடையிற் சாதாரண மேசைக் கணனியின் ஆற்றல் பெருகிற்று. 1999இல் வி.எம்.வெயார் நிறுவனம் மெய்நிகராக்கத்தை அதற்குக் கொணர்ந்தது. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து சென் என்னும் கண்காணிப்பு நிரல் வெளிவந்தது. இன்ரெல் நிறுவனம் 2005இலும் ஏ.எம்.டி. நிறுவனம் 2006இலும் மெய்நிகராக்கத்துக்கு வேண்டிய வன்பொருள் வசதிகளைத் தமது செயலிகளிற் சேர்த்தன. 2006ஆம் ஆண்டில், மெய்நிகராக்கத்தையே கருவியாக்கி ஒரு முறைமையை அறியாமற் கைப்பற்றலாம் எனச் செய்துகாட்டிப் பலரது கவனத்தை ஈர்த்தவர் போலாந்து நாட்டு ஆய்வாளர் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா. தாக்குதலை ஆராய்ந்த அவரே, தமது குழுவினருடன் இணைந்து, 2010ஆம் ஆண்டு ஏப்பிரலிற் சென் நிரலை அடித்தளமாகக் கொண்ட கியூப்ஸ் முறைமையை அறிவித்தார். அதன் முதலாம் பதிப்பு 2012ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வெளிவந்தது.

இம்முறைமையின் அமைப்பு மரபுகளை ஐந்தாகத் தொகுத்து நோக்கலாம்.

முதலாவது, நிரல்களின்படியன்றி நோக்கத்தின்படியும் நம்பகத்தின்படியும் பிரித்தல். தொழில், தனிவாழ்க்கை, நம்பத்தகாதவை, பெட்டகம் என்றவாறு அறைகள் அமைகின்றன. பெட்டகத்துக்கு வலையமைப்புத் தொடர்பு கிடையாது. கடவுச்சொற்களும் மறைகுறித் திறவுகோல்களும் அங்கு வைக்கப்படும். ஒரே இணைய உலாவி மூன்று அறைகளில் மூன்று வேறு நிரல்கள் போன்று இயங்கும்.

இரண்டாவது, புறக்கருவிகளையும் வலையமைப்பையும் தனி அறைகளில் ஒதுக்குதல். வலையமைப்பு அட்டையை இயக்கும் நிரல் ஓர் அறையிலும், தொடர்புகளை வடிகட்டும் அரண் மற்றோர் அறையிலும், யூ.எஸ்.பி. கருவிகள் பிறிதோர் அறையிலும் வைக்கப்படுகின்றன. முதலாவது அறை பகைவர் கைப்பட்டாலும் அரணின் விதிகள் அவருக்கு வசப்படா. 1976ஆம் ஆண்டு ஆய்வு காட்டிய நலிவுக்கு இது நேரடியான விடையாகும்.

மூன்றாவது, வார்ப்பும் படியும். மென்பொருள்கள் யாவும் வார்ப்பு எனப்படும் பொறியில் நிறுவப்படும். பணியறைகள் அவ்வார்ப்பை இரவல்பெற்று இயங்கும். பணியறையின் முறைமைப் பகுதியிற் செய்யப்படும் மாற்றங்கள் அதனை மீளத் தொடக்கும்போது மறையும். பயனாளரின் சொந்தக் கோப்புக்கள் மட்டும் நிலைக்கும். வார்ப்புக் கெட்டால் அதனைச் சார்ந்த அறைகள் யாவும் கெடுமாதலின், வார்ப்பினுள் இணையத்தில் உலாவுதலும் அயலார் கோப்பைத் திறத்தலும் கூடா என்பது வழக்காயிற்று. ஐயத்துக்குரிய கோப்பைத் திறப்பதற்கு, பணி முடிந்ததும் அழிந்துபோகும் தற்காலிக அறைகளும் உள்ளன.

நான்காவது, வாயில்களைக் கையால் திறத்தல். ஓரறையில் நகலெடுத்த எழுத்தை மற்றோர் அறையில் ஒட்டுவதற்குப் பயனாளர் தனியானதொரு விசைக்கூட்டை அழுத்தல் வேண்டும். அவரது செயலின்றி எதுவும் எல்லை கடவாது. நம்பகம் குறைந்த அறையிலிருந்து கூடிய அறைக்குப் பொருள் கொணர்வதே அபாயம் மிக்க திசை என்பதும் இங்கு வலியுறுத்தப்படுகிறது.

ஐந்தாவது, எல்லைகளைக் கண்ணுக்குப் புலப்படுத்தல். ஒவ்வொரு சாளரத்தையும் சுற்றி அவ்வறைக்குரிய நிறத்தில் ஒரு சட்டம் வரையப்படும். இச்சட்டத்தை வரைவது முறைமையின் ஆட்சியறையே ஆதலால் வேறெவ்வறையும் அதனைப் போலியாக ஆக்கமுடியாது. அவ்வாட்சியறைக்கு வலையமைப்புத் தொடர்பில்லை. அதில் அன்றாடப் பணி எதுவும் செய்யப்படுவதுமில்லை. சிவப்பு அபாயத்தையும் பச்சை பாதுகாப்பையும் குறிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. நிறத்தின் பொருளைப் பயனாளரே தீர்மானிக்கிறார். இரகசியத்தின் படிநிலைகளை அரசு வகுத்த மரபுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இச்சிறு விதியிலே தெளிவாகிறது.

5

இவ்வேறுபாட்டின் நடைமுறைப் பெறுமதியைச் செய்தித்துறையிற் காணலாம். இரகசியமாகத் தகவல் தருவோரிடமிருந்து ஆவணங்களைப் பெறுவதற்கெனப் பத்திரிகைச் சுதந்திர நிறுவகம் 2013 முதல் செக்குயர்ட்றொப் என்னும் முறைமையைப் பராமரித்து வருகிறது. வந்த ஆவணத்தை வலையமைப்பற்ற தனிக் கணனிக்குக் கையாற் கொண்டுசென்று திறப்பதே அதன் தொடக்ககால வழக்காகும். பின்னர் அந்நிறுவகம் கியூப்ஸை அடித்தளமாகக் கொண்ட பணிநிலையமொன்றை உருவாக்கியது. அதில் ஒவ்வோர் ஆவணமும் வலையமைப்பற்ற தற்காலிக அறையொன்றில் திறக்கப்படுகிறது. ஆவணம் தீங்குடையதாயினும், தகவல் தந்தவரின் அடையாளத்தையோ செய்தியாளரின் ஏனைய கோப்புக்களையோ அது எட்டுவது இதனால் அரிதாகிறது. இங்குச் சுவர் காப்பது ஒரு மனிதரின் தொழிலை மட்டுமன்று. சில வேளைகளில் உயிரையுமாகும்.

எனினும் இம்முறையை மிகைப்படுத்திக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. 2015ஆம் ஆண்டு ஒக்ரோபரில், சென் நிரலின் நினைவக முகாமையிற் பல்லாண்டுகளாக மறைந்திருந்த பெருங்குறை வெளியாயிற்று. ஓரறையிலிருந்து முறைமை முழுவதையும் கைப்பற்ற அது இடமளித்தது. இத்தகைய குறைகளின் விளைவாக, 2018இல் வெளிவந்த நான்காம் பதிப்பில், வன்பொருளின் மெய்நிகராக்க வசதிகளைச் சார்ந்த முறைக்கு கியூப்ஸ் மாறியது. அதே ஆண்டு சனவரியில் அறியவந்த மெல்ற்டவுண், ஸ்பெக்ரர் ஆகிய குறைபாடுகள் செயலியினுள்ளேயே அமைந்திருந்தன. பொதுவாகப் பகிரப்படும் வன்பொருளின் காலவேறுபாடுகளை அளந்து, சுவருக்கு அப்பாலுள்ளதை அறியலாம் என அவை காட்டின. லாம்ப்சன் 1973இல் எழுப்பிய ஐயம் நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின் புதியதொரு வடிவத்தில் மெய்யாயிற்று.

மற்றொரு வரையறை மனிதரைச் சார்ந்தது. ஜெறோம் சால்ற்சர், மைக்கல் ஷ்ரோடர் ஆகியோர் 1975இல் வகுத்த பாதுகாப்பு வடிவமைப்பு நெறிகளுள், பயனாளர் இயல்பாகக் கைக்கொள்ளக்கூடியதாகப் பாதுகாப்பு அமைதல் வேண்டும் என்பதும் ஒன்று. அறைகள் மிகக் குறைவாயின் பிரிவு பயனற்றுப்போகும்; மிகப் பலவாயின், எது எங்கிருக்கிறது என்பதை மறந்த பயனாளர், வசதிக்காக எல்லாவற்றையும் ஓரறையிலேயே செய்யத் தலைப்படுவார். சி.ரி.எஸ்.எஸ். முறைமையைப் பராமரித்தோர் ஒரே கோப்பகத்தைப் பகிர்ந்ததும் இத்தகைய வசதிக்காகவே. ஆதலின், தவறினால் எவ்வெவற்றை ஒருங்கே இழக்க ஒருப்படமாட்டோம் என்ற வினாவுக்கு விடைகண்டு, அதற்கேற்ற சில அறைகளுடன் தொடங்குவதே தக்கது.

தொகுத்து நோக்குமிடத்து, இம்மரபின் வரலாறு மூன்று கட்டங்களாக விரிகிறது. அரிய இயந்திரத்தைப் பலர் பகிர்தற்பொருட்டு முதலிற் சுவர்கள் எழுந்தன. அரசின் இரகசியங்களைக் காத்தற்பொருட்டு அவை பின்னர் வலுப்படுத்தப்பட்டன. மூன்றாவது கட்டத்தில் அவை தனிமனிதரின் கைக்கு வந்துள்ளன. எல்லை வகுக்கும் அதிகாரம் நிருவாகியிடமிருந்தும் அரசிடமிருந்தும் பயனாளரிடம் வந்தபோது, அதற்குரிய பொறுப்பும் உடன்வந்தது. தனது வாழ்வின் எப்பகுதியை எதனிலிருந்து காத்தல் வேண்டும் என்பதை எந்த நிரலும் அவருக்காகத் தீர்மானித்துக் கொடாது. அவ்வினாவை முதலில் எழுப்பிக்கொள்பவருக்கே இவ்வறைகள் பயன்படும்.