மாங்குளத்துச் சிலந்தி

கைக்குக் கை புகைப்படக் கருவி வந்துவிட்ட இந்நாளில், பூச்சிகளைப் படம்பிடித்துப் பெயர் கேட்போர் பலர். படம் எம்மட்டுச் சான்றாகும் என்பதற்கு வன்னியின் மாங்குளத்திலே விடையுண்டு.

2009 ஒக்டோபரில் ஊரவர் ஒருவர், இறந்துபோன ஆண் சிலந்தி ஒன்றை ஆய்வாளர் ரணில் நாணயக்காரவிடம் காட்டினார். கால்களை விரித்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர்! முதுகை மட்டும் நோக்கினால் இவ்வகைச் சிலந்திகள் பலவும் ஒன்றுபோலவே தோன்றும். இதன் அடையாளமோ கால்களின் அடிப்புறத்து மஞ்சள் நிறத்திலும், வயிற்றைச் சுற்றிய இளஞ்சிவப்புப் பட்டையிலும் இருந்தது. மேலிருந்து எடுக்கும் படத்தில் அடிப்புறம் அகப்படுமா?

ஆய்வுக் குழுவினர் மேலும் தேடினர். பெண் சிலந்திகளும் குஞ்சுகளும் கிடைத்தன. 2012இல் புதிய இனமென அறிவித்தபோது, போர் ஓய்ந்த அம்மண்ணில் துணைநின்ற பொலிஸ் அதிகாரி மைக்கேல் ராஜகுமாரின் பெயரையே அதற்குச் சூட்டினர். முதுமரப் பொந்துகளே அதன் வீடு. காடு குறைந்தமையாற் போலும், மாங்குளம் வைத்தியசாலையின் வைத்தியர் விடுதியிலும் அது குடியேறியிருந்தது.