சர்வருக்கு ஒரு புழக்கடை வாசல்

தொலைவில் இருக்கும் சர்வரின் ஃபயர்வால் விதியை மாற்றிவிட்டு என்டர் தட்டுகிறார் நிர்வாகி. திரை அப்படியே உறைந்து நிற்கிறது. புதிய விதி முதலில் தடுத்தது அவரைத்தான். உட்கார்ந்திருந்த கிளையை வெட்டிய கதை. இந்தத் தொழிலில் சில ஆண்டுகள் இருந்தவர்களுக்கு அந்தக் கணத்தின் பதைபதைப்பு தெரியும். சர்வருக்குள் நுழைய இரண்டாவது வழி வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்த வரலாறு, இப்படி வெளியே மாட்டிக்கொண்டவர்களின் வரலாறுதான்.

தொடக்கக் காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. கணினிக்குப் பக்கத்திலேயே டெலிடைப் இருந்தது. ஆள் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். 1960இல் வந்த ஆர்.எஸ்.232 தரநிலையின் வழியில் உருவான சீரியல் இணைப்பு இன்னும் சாகவில்லை. இன்றைய ரூட்டர்கள் பலவற்றிலும் ‘கன்சோல்’ என்று எழுதிய ஒரு சிறு துளை இருக்கும். கம்பியைச் செருகி, வேகத்தை 9600 என்று வைத்தால், இயந்திரம் விழித்தெழும்போது சொல்லும் முதல் வரியிலிருந்து படிக்கலாம். ஐபி முகவரி வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம். எளிமையே அதன் பலம்.

அந்தக் கம்பியைத் தொலைபேசி வரை நீட்டியது மோடம். 1981இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் கணினியின் கட்டளைப்படி தானே எண்ணைச் சுழற்றியது. கூடவே ஆபத்தும் வந்தது. எண்களை வரிசையாக அழைத்து, மோடம் எடுக்கும் எண்ணைத் தேடிப் பிடிப்பதை 1983இல் வெளியான ‘வார் கேம்ஸ்’ திரைப்படம் ஊரறியச் செய்தது.

அடுத்த வழி சர்வருக்குள்ளேயே வந்தது. 1998இல் இன்டெல், டெல், ஹெச்.பி., என்.இ.சி. ஆகியவை சேர்ந்து ஐ.பி.எம்.ஐ. என்ற தரநிலையை வெளியிட்டன. இதன் மையம், மதர்போர்டில் அமர்ந்திருக்கும் பி.எம்.சி. என்ற தனிச் சில்லு. சர்வர் அணைந்திருந்தாலும், மின்கம்பி செருகியிருந்தால் இது விழித்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தும், மீண்டும் கொடுக்கும், வெப்பநிலை சொல்லும். ஆனால் இந்த வாசலின் பூட்டு பலவீனமானது. ஐ.பி.எம்.ஐ.யின் 2.0 பதிப்பில், கேட்பவர் யாரென்று உறுதியாகும் முன்பே கடவுச்சொல்லின் உருமாற்றிய வடிவமான ஹாஷ் வெளியே போய்விடும். இந்தத் தரநிலையின் ஓட்டைகளைப் பாதுகாப்பு ஆய்வாளர் டான் ஃபார்மர் 2013இல் விரிவாக வெளிக்கொணர்ந்தார். 2015இல் வந்த ரெட்ஃபிஷ் தரநிலை இந்த வேலையை ஹெச்.டி.டி.பி.எஸ். வழிக்கு மாற்றியது.

கருவிகள் இவ்வளவு வளர்ந்தும், பெரிய நிறுவனங்களே தவறியது எங்கே?

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை, அதன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் பிழை இருந்தது. டி.என்.எஸ். சர்வர்கள் தங்கள் வழித்தட அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, உலகமே ஃபேஸ்புக்கின் முகவரியைத் தொலைத்தது. முக்கிய வழியோடு மாற்று வழியும் அடைபட்டதால் பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போனார்கள். அங்கே கடும் பாதுகாப்பு. உள்ளே நுழைந்த பிறகும் ரூட்டரில் கைவைக்கத் தாமதம். சுமார் ஆறு மணி நேரம் போயிற்று.

கனடாவின் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு 2022 ஜூலை 8 அன்று நேர்ந்தது இன்னும் தெளிவான பாடம். அதன் நிர்வாக நெட்வொர்க், மைய ஐபி நெட்வொர்க்கின் மேலேயே ஓடியது. மையம் விழுந்ததும் அதுவும் விழுந்தது. ரூட்டர்களின் பிழைப் பதிவுகளை எட்ட முடியாமல், காரணத்தைக் கண்டுபிடிக்கவே சுமார் 14 மணி நேரம் ஆனது. ஊழியர்களின் கைபேசிகளும் ரோஜர்ஸ் இணைப்புகளே. ஒருவரோடு ஒருவர் பேசுவதற்குப் போட்டி நிறுவனங்களின் சிம் அட்டைகளைக் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள்.

பழைய மோடம் தனித் தொலைபேசிக் கம்பியில் வந்தது. அந்தப் பிரிவை நாம் காலப்போக்கில் கைவிட்டோம் என்பதே இந்த வரலாறு காட்டும் குறை. மாற்று வழிக்கு வேறு நிறுவனத்தின் இணைப்பு, தனி ஸ்விட்ச், தனி மின்சாரம், மைய டி.என்.எஸ்.ஸை நம்பாத உள்நுழைவு, காகிதத்தில் எழுதிய ஐபி முகவரிகள் ஆகியவை வேண்டும். ஜூனிப்பர் ரூட்டர்களில் உள்ள ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ போன்ற வசதியும் கைகொடுக்கும்: 10 நிமிடத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் மாற்றம் தானே பின்வாங்கிவிடும்.

ஃபேஸ்புக் பொறியாளர்கள் பேரிடர் ஒத்திகைகளை ஆண்டுக்கணக்கில் நடத்திவந்தவர்கள். முதுகெலும்பு நெட்வொர்க் முழுவதும் அறுந்தால் என்ன ஆகும் என்ற ஒத்திகையை மட்டும் அதுவரை நடத்தியதில்லை என்று அந்த நிறுவனமே பிறகு எழுதியது. சர்வர் அறையைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் இந்த மாதமே ஒரு நாள் குறித்து, முக்கிய இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மாற்று வழியில் நுழைந்து பார்க்க வேண்டும்.