மனுஷகுமாரன் பிறந்த கதை

தென்காசியை அடுத்த இலஞ்சியில் குமாரர் கோயில் இருக்கிறது. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். குற்றாலத்துச் சாரல் வந்து விழும் இந்தப் பக்கத்தில் குமாரன் என்று சொன்னால் மனம் முதலில் முருகனிடம்தான் போகும். இதே ஊர்ப்புறத்து ஆலயங்களில் ஞாயிறு காலையில் இன்னொரு குமாரனைப் பற்றி வாசிக்கிறார்கள். போவர் ஐயர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-ல் வெளிவந்த தமிழ் வேதாகமம் அவரை மனுஷகுமாரன் என்கிறது. 1995-ல் வந்த திருவிவிலியத்தில் அவர் மானிடமகன்.

தேவகுமாரன் என்றால் இயேசுவின் தெய்வத்தன்மை, மனுஷகுமாரன் என்றால் அவருடைய மனிதத்தன்மை என்று ஓய்வுநாள் பள்ளியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். அந்தப் பட்டம் பிறந்த கதையைக் கேட்டால் மீதிப் பாதி தெரியும்.

ஆரம்பத்தில் அது பட்டமே இல்லை. எபிரெயர் பேச்சில் மனிதன் என்பதற்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். எட்டாம் சங்கீதம் வானத்தைப் பார்த்துவிட்டு, மனிதன் எவ்வளவு சிறியவன் என்று வியக்கும்போது அந்தப் பெயரைத்தான் சொல்கிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசியைக் கடவுள் தொண்ணூறு தடவைக்கு மேல் அப்படிக் கூப்பிடுகிறார். மண்ணால் ஆனவனே, எழுந்து நில் என்கிற தொனி அதில் இருக்கிறது.

தானியேல் புத்தகத்தின் ஏழாம் அதிகாரத்தில்தான் கதை திரும்புகிறது. அந்த அதிகாரம் அரமேய மொழியில் எழுதப்பட்டது. கதை நடப்பது பாபிலோனில். ஆனால் புத்தகம் இன்றைய வடிவத்துக்கு வந்தது கி.மு. 165-ஐ ஒட்டி என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்தியோகு எப்பிபானேஸ் என்ற கிரேக்க அரசன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி, ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடை செய்து, வேதச் சுருள்களைக் கொளுத்திய காலம் அது. எதிர்த்தவர்கள் செத்தார்கள்.

அந்த நேரத்தில் தானியேலின் ராத்தரிசனம் மக்கள் கைக்கு வருகிறது. கொந்தளிக்கும் கடலிலிருந்து நான்கு மிருகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வருகின்றன. கழுகின் இறக்கை கொண்ட சிங்கம். வாயில் விலா எலும்புகளைக் கவ்விய கரடி. நான்கு தலைச் சிறுத்தை. நான்காவதற்குப் பெயரே இல்லை. இரும்புப் பற்களும் பத்துக் கொம்புகளும் இருக்கின்றன, கடித்து நொறுக்குகிறது, மிச்சத்தைக் காலால் மிதிக்கிறது. இவையெல்லாம் ராஜ்யங்கள் என்று அதிகாரமே விளக்கம் சொல்கிறது. பிறகு நியாயசங்கம் உட்காருகிறது. அப்போது வானத்து மேகங்களோடு ஐந்தாவதாக ஒருவர் வருகிறார். அவர் மிருகம் அல்ல. மனுஷகுமாரனுடைய சாயல் உள்ளவர். ஆளுகை அவர் கையில் கொடுக்கப்படுகிறது, அதற்கு முடிவே கிடையாது.

மனுஷகுமாரன் என்ற பட்டம் பிறந்த இடம் இதுதான். பேரரசுகளின் காலடியில் கிடந்த ஒரு சிறு கூட்டம், உங்கள் ஆட்சிக்கு மிருக முகம், கடவுளின் ஆட்சிக்கு மனித முகம் என்று சொன்னது. அந்த அதிகாரத்திலேயே, ராஜ்யத்தைப் பெறுகிறவர்கள் உன்னதமானவரின் பரிசுத்தவான்கள் என்றும் வருகிறது. ஆக மேகத்தில் வந்தவருக்குப் பின்னால் ஒடுக்கப்பட்ட ஜனம் முழுவதும் நிற்கிறது. வேதாகமத்தில் இதைவிடத் துணிச்சலான அரசியல் கனவு இல்லை என்பேன்.

சுமார் இருநூறு வருஷம் கழித்து, ரோமாபுரியின் ஆட்சியில், இயேசு இந்தப் பெயரை எடுத்துத் தமக்குச் சூட்டிக்கொண்டார். நான்கு சுவிசேஷங்களிலும் சேர்த்து எண்பது முறைக்கு மேல் வருகிறது. ஏறக்குறைய எல்லாமே அவர் வாயிலிருந்து வருபவை. பாவங்களை மன்னிக்க அதிகாரம் உள்ளவர் மனுஷகுமாரன். நரிகளுக்குக்கூடக் குழி இருக்க, தலைசாய்க்க இடம் இல்லாதவரும் அவரே. தானியேலில் அவரை ஜனங்கள் சேவிக்கிறார்கள். மாற்கு பத்தாம் அதிகாரத்தில் அவர் ஊழியம் கொள்ள வரவில்லை, ஊழியம் செய்யவே வந்தார். இதைத் தென்காசிக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் குறை வந்தால் அதைத் தீர்த்துக் காப்பவர் யாரானாலும் உலகறிய அவர்களைப் பணிகிறேன் என்று கல்லிலேயே பொறித்துவைத்தவன். இயேசு அந்தப் பணிவைச் சாவு வரைக்கும் கொண்டுபோனார்.

விசாரணையில் பிரதான ஆசாரியன், நீ கிறிஸ்துவா என்று கேட்கிறான். இயேசு ஆம் என்பதோடு நிறுத்தவில்லை. மனுஷகுமாரன் கடவுளின் வலதுபாரிசத்தில் வீற்றிருப்பதையும் மேகங்களோடு வருவதையும் காண்பீர்கள் என்று தானியேலை நினைவூட்டுகிறார். ஆசாரியன் தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டது அப்போதுதான். வெறும் பணிவைச் சொல்லும் பெயராக இருந்திருந்தால் அவன் ஏன் கிழிக்கப்போகிறான்?

அதன் பிறகு இந்தப் பட்டம் மெல்ல ஒதுங்கிவிட்டது. கல்லெறியுண்டு சாகும் முன் ஸ்தேவான் ஒருமுறை சொல்கிறார். பவுல் தம் நிருபங்களில் ஓரிடத்திலும் இப்பட்டத்தை எழுதவில்லை. வாராவாரம் நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணத்திலும் அது இல்லை. தேவனுடைய குமாரன் என்பது மட்டும் இருக்கிறது. சபைக்கு இது ஒரு இழப்பு. மனிதரை மிதிக்கிற எந்த அதிகாரத்தையும் மிருகம் என்று அடையாளம் காட்டும் பெயரை நாம் ஜெபத்திலிருந்து விட்டுவிட்டோம்.

அடுத்த முறை மாற்கு சுவிசேஷத்தை எடுக்கும் முன், தானியேல் ஏழாம் அதிகாரத்தை ஒருதரம் வாசியுங்கள். இருபத்தெட்டே வசனங்கள்தான். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்த நான்கு மிருகங்களின் கதையிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுங்கள்.