காஹாங் கடைவரிசை வேட்டைக்காரர்கள்

ஜொகூர் மாநிலத்துக் காஹாங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் செம்பனைத் தோட்டங்களை எழுதுவார்கள். மிஞ்சினால், எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்கு இங்கிருந்து பிரிந்து போகும் மண்பாதையைச் சொல்வார்கள். இங்கே வளர்ந்த பையன்கள் எதில் பொழுதைப் போக்கினார்கள் என்று எழுதி நான் படித்ததில்லை. 2009-இலிருந்து நாலைந்து வருடம், குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையோரக் கடைவரிசையில், அந்திப் பொழுதில் நாலு நாலு பேராக உட்கார்ந்து பிஎஸ்பி என்ற கையடக்க கேம் கருவியில் ராட்சத மிருகங்களை வேட்டையாடினோம். அதுவும் இந்த ஊரின் வழக்கம்தான். அது வந்ததற்கும் காரணம் உண்டு, போனதற்கும் உண்டு.

நாங்கள் ஆடிய மான்ஸ்டர் ஹன்டர் ஒசாகாவின் கேப்காம் நிறுவனம் செய்த கேம். 2004 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 2-இல் வந்தபோது அது இணையத்தில் கூடி ஆடுவதற்கென்று செய்யப்பட்டது. பெரிய அலை எதுவும் எழவில்லை. 2005 டிசம்பர் 1-ஆம் தேதி ஜப்பானில் பிஎஸ்பிக்கு வந்தபோதுதான் அதன் தலையெழுத்து மாறியது. பிஎஸ்பியில் அட்-ஹாக் என்றொரு வசதி: நாலு கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தங்களுக்குள்ளேயே இணைந்துகொள்ளும். மோடம் வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம். ஜப்பானில் பள்ளி விட்ட பிள்ளைகளும் வேலை விட்டவர்களும் துரித உணவுக் கடைகளில் கூடி ஆட ஆரம்பித்தார்கள். 2008-இல் அங்கே வெளியான மூன்றாவது பிஎஸ்பி பதிப்பு, 2009-இல் ‘ஃப்ரீடம் யுனைட்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் கைக்குக் கிடைத்தது அதுதான்.

அந்த நாளில் காஹாங் பக்கத்தில் ஸ்ட்ரீமிக்ஸ் இணைய இணைப்பு உள்ள வீடு அபூர்வம். தோட்டத்துக்குள்ளே அந்தப் பேச்சே கிடையாது. இணையம் கேட்காத கேம் என்பதால்தான் அது எங்களிடம் நிலைத்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமாக்களும் அண்ணன்மாரும் பழைய பிஎஸ்பியை வாங்கி வந்து கொடுத்தார்கள். கேமின் வட்டு ஒருவனிடம் இருக்கும், மற்றவர்களிடம் மெமரி ஸ்டிக்கில் அதன் நகல் இருக்கும். சரியில்லைதான், ஆனால் உண்மை அதுதான். ஒட்டுக்கடை அக்கா ஒரு மைலோ வாங்கினால் சார்ஜர் சொருக இடம் கொடுப்பார். வெள்ளிக்கிழமை கோயில் பூசை முடிந்து பொங்கல் கிடைக்கும் வரைக்கும் படிக்கட்டில் ஒரு வேட்டை நடக்கும்.

கடினமான ஆட்டம். மிருகத்துக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று திரையில் காட்டமாட்டார்கள். ஐம்பது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நாலு பேருக்கும் சேர்த்து இரண்டு முறைதான் விழலாம். மூன்றாம் முறை யார் விழுந்தாலும் எல்லோரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். மருந்து குடித்தால் வேட்டைக்காரன் கையை மடக்கிப் புஜம் காட்டி நிற்பான். அந்த நேரத்தில் மிருகம் பாய்ந்தால் ஒதுங்க வழியில்லை. வெட்ட வெட்டக் கத்தி மழுங்கும், நடுக்காட்டில் உட்கார்ந்து சாணை பிடிக்க வேண்டும். பிஎஸ்பியில் குச்சி ஒன்றுதான். இடது கட்டைவிரலால் நடந்துகொண்டே, ஆள்காட்டி விரலை நண்டுக்கொடுக்காக மடக்கி மேலே உள்ள பொத்தான்களில் வைத்து கேமராவைத் திருப்புவோம். ஜப்பானியர்களும் அப்படித்தான் பிடித்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

டைக்ரெக்ஸ் என்ற மிருகத்தை மறக்கவே முடியாது. பனிமலையில் பொப்போ என்ற சாதுவான மிருகத்தின் நாக்கை எடுத்து வா என்று அனுப்புவார்கள். அங்கே அது வந்து நிற்கும். கோபம் ஏறினால் முன்கால்கள் சிவக்கும், ஓடி வந்து திரும்பி மறுபடி ஓடி வரும். பாறையில் மோதவிட்டால் பல் மாட்டிக்கொண்டு திணறும். அந்தச் சில நொடிதான் நமக்கு. சுத்தியல்காரன் தலைக்குப் போவான், வாள்காரன் வாலுக்குப் போவான். “டேய், வால வெட்டு லா! மருந்த அப்புறம் குடி!” என்று ஒருவன் கத்தினால் கடையில் தே தாரிக் குடிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வால் அறுந்து விழுந்தால் நாலு பேரும் அதிலிருந்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். பங்குச் சண்டை வராமல் பார்த்துக்கொண்ட அந்த ஒரு விதிக்காகவே இதைச் செய்தவர்களை மதிக்கிறேன்.

உயிர்க்கணக்கு தெரியாததால் நடையைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். நொண்டினால் களைத்துவிட்டது; கூட்டுக்குப் போய்த் தூங்கும். இது எங்களுக்குப் புதிதில்லை. காட்டு யானை இறங்கி, கன்றுச் செம்பனையின் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகும் ஊர் இது. குலை வெட்டப் போகும் என் அப்பா சொல்வார்: “மொதல்ல சாணத்தப் பாரு. சூடா இருந்தா சத்தம் போடாம திரும்பி வந்துரு.” தடம் பார்க்கப் பழகிய வீட்டுப் பிள்ளைகள், திரையிலும் முதலில் தடத்தைத்தான் தேடினோம்.

2010 டிசம்பரில் வந்த ‘போர்ட்டபிள் தேர்ட்’ ஜப்பானிய மொழியில் மட்டுமே வெளியானது. ரசிகர்கள் செய்த ஆங்கில வடிவம் கைக்கு வரும்வரை, மூன்றாவது வரி மருந்து, ஐந்தாவது வரி பொறி என்று இடத்தை வைத்தே மனப்பாடம் செய்தோம். வேட்டைக்கு முன் வெந்நீர் ஊற்றில் குளித்தால் பலம் கூடும் என்பதைக்கூட யாரோ ஒருவன் தற்செயலாகக் கண்டுபிடித்து எல்லோருக்கும் சொன்னான்.

பிறகு கலைந்தது. அடுத்த பதிப்புகள் நின்டென்டோ 3டிஎஸ்ஸுக்குப் போயின. அதை வாங்க எங்களில் பலரிடம் வெள்ளி இல்லை. கைபேசி எல்லோரிடமும் வந்தது. பையன்கள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். 2014-இல் சோனி பிஎஸ்பியை நிறுத்தியது. 2018-இல் வந்த ‘மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்ட்’ கேப்காமின் வரலாற்றிலேயே அதிகம் விற்ற கேம் ஆனது. அழகான கேம், நானும் ஆடுகிறேன். ஆனால் அதற்குப் பக்கத்து வீட்டுக்காரன் தேவையில்லை. எங்களுக்கு அவன் இல்லாமல் ஆட்டமே இல்லை.

இந்த வரலாற்றுக்கு ஆவணம் என்று ஒன்றுதான் இருக்கிறது. சேர்ந்து ஆடியவர்கள் கில்ட் அட்டை மாற்றிக்கொள்வோம். பெயர், பிடித்த ஆயுதம், எந்த மிருகத்தை எத்தனை முறை வீழ்த்தினான் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவை இன்னும் பழைய மெமரி ஸ்டிக்குகளில் கிடக்கின்றன. வீட்டு அலமாரியில் பிஎஸ்பி வைத்திருப்பவர்கள் முதலில் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் மறுபடி போடாதீர்கள். மெமரி ஸ்டிக்கைக் கணினியில் போட்டு, சேவ்டேட்டா என்ற கோப்புறையை அப்படியே நகலெடுத்து வையுங்கள். பிபிஎஸ்எஸ்பிபி என்ற இலவச மென்பொருளில் கேமை ஓட்டி அதைத் திறந்து, கில்ட் அட்டைகளில் இருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் இன்னாருடைய மகன், இன்ன தோட்டம் என்றும் குறித்து வையுங்கள்.