எந்தத் துளசி எண்ணெய்? நச்சிலிருந்து உயிரணுவைக் காக்கும் ஆவி எண்ணெய்கள் பற்றிய ஆய்வுகளில் சில குறைகள்

ஹம்பேர்க் துறைமுகத்தில் இறங்கும் ஜாதிக்காய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஜாதிக்காய், இஞ்சி, மஞ்சள், மிளகு, மிளகாய் ஆகியவற்றில் அஃப்ளடாக்சின் பி1 என்ற பூஞ்சை நச்சு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இவற்றுள் மிளகாய் நீங்கலாக மற்ற நான்கும் ஆவியாகும் எண்ணெய்க்குப் பேர்போனவை. ஜாதிக்காயின் எடையில் 5 முதல் 15 விழுக்காடு அந்த எண்ணெய்தான். இத்தகைய எண்ணெய்கள் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையை அடக்குகின்றன, அஃப்ளடாக்சின் தாக்கிய கல்லீரல் உயிரணுக்களைக் காக்கின்றன என்று கட்டுரைகள் குவிகின்றன. அப்படியானால் எண்ணெயைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் காய்க்குப் பூஞ்சை பிடிப்பானேன்? ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் பிடிக்கும் என்பது சரக்குக்காரர் எவருக்கும் தெரியும். காயில் எண்ணெய் நுண்ணறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. குப்பியில் வடித்த எண்ணெயின் செறிவைப் பூஞ்சை அங்கே சந்திப்பதில்லை.

(‘அத்தியாவசிய எண்ணெய்’ என்ற மொழிபெயர்ப்பை நான் தவிர்க்கிறேன். சாரம் என்ற பொருளில் பிறந்த ஆங்கிலப் பெயரை இன்றியமையாமை என்று புரிந்துகொண்டதால் வந்த வினை அது.)

ஆய்வுகளின் முதல் குறை, எண்ணெயைப் பெயரால் மட்டும் சுட்டுவது. இதற்கு மருந்து ஹம்பேர்க்கிலேயே உண்டு. இங்குள்ள பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் பேராசிரியராக இருந்து 2004இல் மறைந்த வில்ஃப்ரீட் கோனிக், மாற்றியமைத்த சைக்ளோடெக்ஸ்ட்ரின்களைக் கொண்டு வாயு நிறப்பிரிகையில், இடக்கை வலக்கை போன்ற ஆடிப்பிம்ப மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டியவர். டேனியல் ஜூலேனுடன் அவர் தொகுத்த செஸ்குவிடெர்பீன் நிறமாலை அட்டவணை நூல் 1998இல் இந்நகரிலேயே அச்சானது. ‘கார்வோன்’ என்று மட்டும் எழுதினால் போதாது. சதகுப்பை விதையில் இருப்பது ஒரு கை, ஸ்பியர்மின்ட் புதினாவில் இருப்பது மறு கை; மணமே வேறு. கொத்தமல்லி விதையின் லினலூலும் லாவெண்டரின் லினலூலும் அப்படியே. மணத்தை அறியும் ஏற்பிக்கே கை தெரிகிறது என்றால், கல்லீரல் நொதிக்கு மட்டும் தெரியாது என்று எப்படி எடுத்துக்கொள்வது?

துளசியில் இந்தக் குறை ஆபத்தாகவே மாறுகிறது. சில துளசிச் செடிகளின் எண்ணெயில் யூஜெனால் மிகுதி. வேறு சிலவற்றில் மெத்தில்யூஜெனால் மிகுதி. கண்ணுக்கு இரண்டும் துளசிதான். மெத்தில்யூஜெனாலைக் கல்லீரல் நொதிகளே மரபணுவோடு ஒட்டும் பொருளாக மாற்றிவிடுகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் அதை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற 2ஏ வகுப்புக்கு உயர்த்தியது. எனவே ‘துளசி எண்ணெய் கல்லீரலைக் காக்கிறது’ என்ற வாக்கியம் பொய் என்று சொல்லவில்லை. எந்தச் செடி என்று தெரியும்வரை அது முற்றுப்பெறவில்லை என்கிறேன்.

இனி, சோதனை நடக்கும் வரிசை. பெரும்பாலான ஆய்வுகளில் எண்ணெய் முதலில், நஞ்சு பிறகு. கார்பன் டெட்ராக்ளோரைடும் அஃப்ளடாக்சினும் உள்ளே போன உடனே நஞ்சாகிவிடுவதில்லை. முன்னதை சைட்டோக்ரோம் 2இ1 நொதி தனியுறுப்பாக உடைக்கிறது. பின்னதை 3ஏ4 போன்றவை மரபணுவின் குவானினோடு பிணையும் எபாக்சைடாக்குகின்றன. முந்திச் சென்ற எண்ணெய் அந்த நொதியை அடைத்துவிட்டால் நஞ்சு நஞ்சாகவே மாறாது. உயிரணு பிழைக்கும். கட்டுரையோ ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பு’ என்று எழுதும். இதே நொதிகள் மிகக் குறைவாக உள்ள ஹெப்ஜி2 என்ற கல்லீரல் உயிரணு வகையில் சோதித்தால், நஞ்சு உருவாவதே அரிது என்பதால் சிக்கல் இரட்டிப்பாகிறது.

சோதனைத் தட்டையும் கவனிக்க வேண்டும். 96 குழிகள், விரற்கடைகூட இல்லாத இடைவெளி. தைமோல் ஊற்றிய குழியிலிருந்து ஆவி பக்கத்துக் குழிக்குப் போகும். அங்கே இருப்பது எண்ணெயே படாத ஒப்பீட்டு மாதிரி. உயிருள்ள அணுக்களைக் காட்ட வேண்டிய எம்டிடி சாயத்தை, ஒடுக்கும் தன்மையுள்ள சில பொருட்கள் உயிரணுவே இல்லாமல் ஊதா நிறமாக்கிவிடும். உயிரணு இல்லாத குழி ஒன்றில் எண்ணெயையும் சாயத்தையும் மட்டும் ஊற்றிப் பார்க்க அரை நாள் போதும். அதைச் செய்ததாகச் சொல்லாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு: முன்கூட்டிக் காப்பதும் காப்புத்தானே? கடலையும் சோளமும் அன்றாடம் உண்ணும் மக்களுக்கு அது பெரிய விஷயம். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வாதத்தை ஏற்கிறேன். ஆனால் நொதியை நாள்தோறும் அடைத்து வைக்கும் எண்ணெய், அந்த நொதியை நம்பி வெளியேறும் மற்ற மருந்துகளையும் தேக்கிவைக்கும். ஆகவே பாரசிட்டமால் நஞ்சுக்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் காட்டிய அளவுகோலையே இங்கும் கேட்கலாம். அது நஞ்சு உண்ட பிறகு தரப்படுகிறது. முதல் எட்டு மணி நேரத்துக்குள் தந்தால் தீர்ந்துபோன குளுட்டாதயோனை மீட்டுக் கல்லீரலைக் காப்பாற்றுகிறது. 2005இல் குழந்தை மருத்துவ இதழொன்றில் வெளியான நிகழ்வில், அதே மருந்து கல்லீரல் செயலிழந்த ஒரு சிறு பிள்ளைக்குத் தரப்பட்டது. பிள்ளை குடித்திருந்தது கிராம்புத் தைலம். அதில் மிகுதியாக இருப்பது யூஜெனால்.